பஞ்சப்படி பிறந்த கதை

சென்னிமலை அடிவாரத்து டீக்கடை. படியேறி முருகனைக் கும்பிட்டு இறங்கியவர்கள் ஒரு பெஞ்சில், தறிக்குழிக்குள் கால் வைக்கும் முன் ஒரு டீ குடிக்க வந்தவர்கள் இன்னொரு பெஞ்சில். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் பேப்பரை விரித்து வைத்திருந்தார். எட்டிப் பார்த்த நெசவாளர் கேட்டார்:

"ஏனுங் வாத்தியாரே, மறுபடியும் டி.ஏ. ஏத்திட்டாங்ளாமா?"

"ஏத்தித்தானுங்க ஆகோணும். அரிசி விக்கற வெலைக்கு என்ன பண்றது?"

"எனக்கும் அரிசி அதே வெலைதானுங்களே. பஞ்சம் எல்லாத்துக்கும், படி மட்டும் உங்களுக்குங்களா?"

கடையே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம், ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் எண்பது ஆண்டுப் பொருளாதாரச் சண்டை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. லண்டனில் பிரதமர்களை வீட்டுக்கு அனுப்பிய சண்டை அது. திருப்பூரில் 127 நாள் மெஷின்களை நிறுத்தி வைத்த சண்டை.

முதலில் பெயர். அலுவலகத்தில் டி.ஏ., அரசாணையில் அகவிலைப்படி, தொழிற்சங்கத் தட்டியில் பஞ்சப்படி. மூன்றும் ஒன்றுதான். 'அகவிலை' என்றால் ஏதோ அகத்திலிருந்து வரும் விலை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் தானிய விலை என்று இருக்கும். 'படி'யைச் சொல்லவே வேண்டாம். கொங்கு நாட்டில் வள்ளமும் படியும் வைத்துத்தான் தவசம் அளந்தார்கள். அளக்கும் பாத்திரத்தின் பெயரே அளந்து கொடுக்கும் கூலிக்கும் ஆகி, கடைசியில் சம்பளத்துக்கு மேலே கொடுக்கும் எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது: பயணப்படி, வீட்டு வாடகைப்படி. ஆக, அகவிலைப்படி என்பது தானிய விலை ஏறியதற்காக அளந்து போடும் தானியம். ஆங்கிலத்தில் விலையேற்றத்தைக் குறிக்கும் வெறும் சொல்தான் இருக்கிறது. தமிழ்ச் சொல்லில் தவசமும் பாத்திரமும் பஞ்சமும் அப்படியே இருக்கின்றன.

பஞ்சம் என்றால் இந்தப் பக்கத்தில் தாது வருஷம்தான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சுருட்டிய பஞ்சம் கோயம்புத்தூர் ஜில்லாவையும் விடவில்லை. நிவாரண வேலை செய்தவர்களுக்கு என்ன கூலி என்ற கேள்வி வந்தபோது, சிக்கனம் பார்க்க அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள் ஒரு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிரைத் தாங்காது என்று எதிர்த்தார். சில மாதங்களில் கூலியைக் கூட்டவேண்டி வந்தது. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அதே காலத்து அரசாங்கம் தன் சேவகர்கள் விஷயத்தில் கொஞ்சம் வேறு மாதிரி நடந்துகொண்டது. ரூபாய்க்குக் கிடைக்கும் தானியம் ஓர் அளவுக்குக் கீழே போனால், குறைந்த சம்பளக்காரர்களான பியூன், சேவகர் போன்றவர்களுக்குத் தானிய ஈட்டுப்படி என்று ஒரு தொகை கொடுத்தது. ரோட்டில் கல் உடைப்பவனுக்கு ராத்தல் கணக்கு. கச்சேரியில் நிற்பவனுக்கு ஈட்டுப்படி. டீக்கடைக் கேள்வியின் முதல் வரி அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

அடுத்த வரி ஆமதாபாத்தில். 1917இல் அங்கே பிளேக் பரவியபோது ஆட்கள் ஊரைவிட்டு ஓடாமலிருக்க மில் முதலாளிகள் பிளேக் போனஸ் கொடுத்தார்கள். நோய் தணிந்ததும் அதை நிறுத்தினார்கள். ஆனால் முதல் உலகப்போர் ஏற்றிவைத்த விலை தணியவில்லை. தொழிலாளர்கள் 50 சதவீதம் கூடுதல் கேட்டார்கள். முதலாளிகள் 20 என்றார்கள். காந்தி 35 என்று கணக்குப் போட்டுக் கொடுத்து, 1918 மார்ச் 15 அன்று உண்ணாவிரதம் உட்கார்ந்தார். மூன்று நாளில் சமரசம், பிறகு நடுவர் தீர்ப்பில் 35 சதவீதம். விலைவாசிக்கும் கூலிக்கும் உறவு உண்டு என்று இந்தியத் தொழிலாளி எழுத்தில் வாங்கிய முதல் பெரிய ஒப்புதல்களில் அது ஒன்று.

ஆனால் இன்று நாம் பார்க்கும் பஞ்சப்படி, மாதாமாதம் சம்பளச் சீட்டில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தனி வரி, இரண்டாம் உலகப்போரின் பிள்ளை. இங்கே கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பிள்ளையின் ஜாதகம் எழுதப்பட்டது லண்டனில்.

போர் நடத்தப் பணம் வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பது? 1940இல் கெயின்ஸ் என்ற பொருளாதார அறிஞர் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். பிரிட்டிஷ் தொழிலாளியின் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, போர் முடிந்தபின் திருப்பிக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் கையில் புரளும் காசு கடையில் இல்லாத சரக்கைத் துரத்தும், விலை ஏறும், கூலி அதைத் துரத்தும் என்பது அவர் வாதம். அரசாங்கம் அதில் ஒரு பகுதியை 1941 பட்ஜெட்டில் ஏற்றது. நிதியமைச்சர் கிங்ஸ்லி வுட் அதோடு இன்னொன்றும் செய்தார்: வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண்ணை போர் தொடங்கியபோது இருந்ததைவிட 25, 30 சதவீதத்துக்கு மேல் ஏற விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். ஏற விடவுமில்லை. ரேஷன் ஒரு கை, மானியம் மறு கை. அதில் ஒரு சூட்சுமமும் இருந்தது. அந்தக் குறியீட்டெண் 1914ஐ அடிப்படையாக வைத்தது. அதன் கூடையில் இருந்த பொருட்களோ நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலாளி வீட்டில் வாங்கியவை. எந்தப் பொருளின் விலை குறியீட்டெண்ணை அசைக்குமோ அந்தப் பொருளுக்கு மானியம் கொடுத்தால் போதும், எண் அசையாது. எண் அசையாவிட்டால் கூலி கேட்கவும் முகாந்திரம் இல்லை. நம் ஊர் அதிகாரிகள் கற்றுக்கொண்ட பல வித்தைகளுக்கு அங்கேதான் மூலம் இருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அதே அரசாங்கம் இந்தியாவில் செய்தது நேர் எதிர். போருக்கு வேண்டிய துணி, சாக்கு, இரும்பு, தானியம், சிப்பாய்ச் சம்பளம் எல்லாம் இங்கே வாங்கப்பட்டன. பிரிட்டன் தன் பங்குக்கு உரிய விலையை லண்டனில் ஸ்டெர்லிங் கணக்கில் பற்று வைத்தது. அந்தக் காகிதப் பற்றை ஈடாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டு அச்சடித்தது. 1939இல் புழக்கத்தில் இருந்த நோட்டு சுமார் 180 கோடி ரூபாய். 1945இல் சுமார் 1,200 கோடி. சரக்கு கப்பலேறிப் போய்விட்டது. நோட்டு இங்கே நின்றுவிட்டது. விலை ஏறாமல் என்ன செய்யும்? 1943இல் வங்கம் பட்டினியில் செத்தது. அங்கே குறியீட்டெண்ணைக் காப்பாற்ற மானியம் இருந்தது. இங்கே உயிரைக் காப்பாற்ற ரேஷன்கூட நேரத்துக்கு வரவில்லை.

பிரிட்டன் தன் வீட்டில் ஏறவிடாமல் அடைத்த விலை நம் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது என்று சொன்னால் மிகையாகாது. அந்தப் பிய்ந்த கூரைக்கு வைத்த ஒட்டுத்தான் பஞ்சப்படி. ரயில்வே தொழிலாளர்கள் கேட்டார்கள்; 1940இல் நீதிபதி பி.என். ராவ் விசாரணை நடத்தினார். பம்பாய், சென்னை, கோவை என்று மில் உள்ள ஊர்களில் எல்லாம் குறியீட்டெண் ஒரு புள்ளி ஏறினால் இவ்வளவு என்று கணக்குப் பேசத் தொடங்கினார்கள். போர் முடிந்ததும் விலை இறங்கிவிடும், அதனால் அடிப்படைச் சம்பளத்தைத் தொடாமல் பக்கத்தில் ஒரு தனி வரி போடுவோம் என்பதுதான் எல்லாருடைய எண்ணமும். விருந்தாளிக்குத் திண்ணையில் போட்ட பாய் மாதிரி. விருந்தாளி இன்னும் போகவில்லை.

அந்த நாட்களில் சென்னிமலையில் என்ன நடந்தது? இங்கே மில் இல்லை, தறி இருந்தது. குறியீட்டெண் இல்லை, நூல் இல்லை என்ற ஒரே கவலை இருந்தது. மில்கள் பட்டாளத்துக்கு நெய்துகொண்டிருந்தபோது சிட்டா நூல் கைத்தறிக்காரனுக்கு எட்டாக்கனி. துணி விலை பல மடங்கு எகிறிய பிறகு 1943 ஜூனில் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நூல் ஒதுக்கீட்டில் வந்தது. ஒதுக்கீடு சங்கம் வழியாக வந்தது. சென்னை மாகாணத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் திடுதிப்பென்று பெருகியதற்குக் கூட்டுறவுத் தத்துவத்தின் மீது வந்த பக்தி மட்டும் காரணம் அல்ல. சங்கத்தில் இருந்தால் நூல் கிடைக்கும். 1935இலேயே தொடங்கப்பட்டிருந்த மாகாணச் சங்கம், இன்றைய கோ-ஆப்டெக்ஸ், அப்போதுதான் சதை போட்டது. சென்னிமலையில் சென்டெக்ஸ் என்ற நெசவாளர் சங்கத்தின் பெயரும் அதை வளர்த்த எம்.பி. நாச்சிமுத்துவின் பெயரும் சேர்ந்தே சொல்லப்படுவதற்கும், சென்னிமலை பெட்ஷீட் ஊர் ஊராய்ப் போனதற்கும் வேர் அந்தச் சங்கக் காலத்தில் இருக்கிறது.

விலைவாசி ஏறியபோது மில் தொழிலாளிக்குக் கிடைத்தது பஞ்சப்படி. தறிக்காரருக்குக் கிடைத்தது நூல் சீட்டு. ஒன்று சம்பளத்தைக் காத்தது. மற்றது வேலையை மட்டும் காத்தது. இந்தப் பிரிவினையை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. ஆனால் அது ஒட்டிக்கொண்டது.

லண்டன் கணக்கு எங்கே போயிற்று என்று கேட்கலாம். அங்கேயும் ஒரு கோயம்புத்தூர்க்காரர் வருகிறார். 1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் இந்தியக் குழுவில் ஆர்.கே. சண்முகம் செட்டியார் இருந்தார். லண்டனில் தேங்கிக் கிடக்கும் எங்கள் ஸ்டெர்லிங்கைச் செலவழிக்கக்கூடிய பணமாக மாற்றப் புதிய சர்வதேச நிதியம் உதவ வேண்டும் என்று இந்தியத் தரப்பு வாதாடியது. அது பிரிட்டனுக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் இடையிலான விஷயம் என்று கெயின்ஸ் கதவைச் சாத்திவிட்டார். அதே கெயின்ஸ் இளவயதில் லண்டன் இந்திய அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவர். அவருடைய முதல் புத்தகமே இந்திய நாணயத்தைப் பற்றியதுதான்.

போர் முடிந்தபோது இந்தியாவுக்கு வரவேண்டியது சுமார் 130 கோடி பவுன். போரில் ஜெயித்த பிரிட்டன் போண்டியாகி நின்றது. 1947இல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான சண்முகம் செட்டியார் நவம்பர் 26 அன்று முதல் பட்ஜெட்டைப் படித்தார். 1948இல் லண்டன் போய் அந்தப் பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும் உடன்பாட்டைப் பேசி வந்தார். அதற்குள் இங்கே இன்னொரு கூத்து நடந்திருந்தது. கட்டுப்பாடு என்றாலே கள்ளச்சந்தை என்று காந்தி சொல்ல, 1947 கடைசியில் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. விலை ஒரே தாவாகத் தாவியது. 1948இல் துணிக்கு மறுபடியும் கட்டுப்பாடு. சண்முகம் செட்டியாரும் அந்த ஆகஸ்டில் பதவி விலகினார். அதற்குக் காரணம் வேறு.

பஞ்சப்படியைச் சட்டபூர்வமான பிள்ளையாக்கியது இன்னொரு தமிழர். ஃபெடரல் கோர்ட் நீதிபதியாக இருந்த வரதாச்சாரியார் தலைமையில் 1946இல் அமைந்த முதல் ஊதியக் குழு, 1947இல் அறிக்கை கொடுத்தது. மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்குக் குறைந்தபட்சம் மாதம் 55 ரூபாய். அதைப் பிரித்துப் பார்த்தால் சுவாரசியம்: அடிப்படைச் சம்பளம் 30, அகவிலைப்படி 25. தற்காலிகம் என்று வந்தது ஏறக்குறைய பாதிச் சம்பளம்! விலை இறங்கும் என்ற நம்பிக்கையை அந்த 25 ரூபாயில் இன்னும் பிடித்து வைத்திருந்தார்கள்.

விலை ஒருமுறை இறங்கவும் செய்தது. ஆனால் அது யார் தலையில் இறங்கியது என்பதுதான் விசேஷம். 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுனின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80க்குக் குறைத்தது; பின்னாலேயே இந்தியாவும் ரூபாயைக் குறைத்தது. மறு ஆண்டு கொரியப் போர். பஞ்சு, நூல் எல்லாம் ஏறியது. போர் வேகம் தணிந்ததும் 1952இல் துணிச் சந்தை சரிந்தது. ஏறிய விலைக்கு நூல் வாங்கி நெய்த துண்டும் துப்பட்டியும் தறி வீட்டில் மடிப்புக் கலையாமல் கிடந்தன. நெசவாளர் ஊர்களில் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். 1953 தொடக்கத்தில் அண்ணா கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் விற்றார். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே வேண்டும் என்று ராஜாஜி டில்லியோடு மல்லுக்கட்டினார். மில் துணிக்குக் கெஜத்துக்கு 3 பை என்று தீர்வை போட்டு அதைக் கைத்தறிக்குச் செலவிட 1953இல் சட்டம் வந்தது. விலை ஏறினால் நூலில் அடி, இறங்கினால் துணியில் அடி. தறிக்காரருக்கு இரண்டு பக்கமும் அடிக்கும் மத்தளம் இது. புத்தகங்களில் பணவீக்கத்துக்கு ஒரு அத்தியாயம், மந்தத்துக்கு ஒரு அத்தியாயம் என்று தனித்தனியாக எழுதுகிறவர்கள் சென்னிமலையில் ஒரு வருஷம் குடியிருந்து பார்க்கலாம்.

இனி கொஞ்ச நேரம் லண்டனுக்கே போவோம். நமக்குப் பஞ்சப்படியைத் தந்த நாடு தன் நாட்டில் என்ன செய்தது?

போருக்குப் பிந்தைய பிரிட்டன் எல்லாருக்கும் வேலை என்று உறுதி சொன்னது. ஆள் தட்டுப்பாடு வந்தால் கூலி ஏறும். கூலி ஏறினால் விலை ஏறும். விலை ஏறினால் ஏற்றுமதி படுக்கும். ஏற்றுமதி படுத்தால் பவுன் ஆடும். உடனே வட்டியைக் கூட்டிப் பிரேக் போடுவார்கள். வேலை போகும், தேர்தல் வரும், பிரேக்கை எடுத்துவிடுவார்கள். இப்படி மாட்டு வண்டியைத் தார்க்குச்சியாலும் மூக்கணாங்கயிற்றாலும் மாறி மாறி ஓட்டிய கதைதான் இருபது வருஷம். 1948இல் நிதியமைச்சர் கிரிப்ஸ் கூலியை நிறுத்தி வைக்கச் சொன்னார். தொழிற்சங்கங்கள் இரண்டு வருஷம் பொறுத்தன. 1961இல் நிதியமைச்சர் செல்வின் லாயிட் கூலி இடைநிறுத்தம் கொண்டுவந்தார். 1965இல் பிரதமர் வில்சன் விலைக்கும் வருமானத்துக்கும் ஒரு வாரியமே வைத்தார். 1967இல் பவுனை மறுபடி 2.40 டாலருக்கு இறக்கினார். நடுவில் 1958இல் பிலிப்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர், வேலையின்மை குறைந்தால் கூலி வேகமாக ஏறுகிறது என்று நூறு வருஷத்துப் பிரிட்டிஷ் புள்ளிவிவரத்தை ஒரு வளைகோட்டில் வரைந்து காட்டினார். இவர் அடிப்படையில் இன்ஜினியர். நாட்டின் பொருளாதாரம் எப்படி ஓடுகிறது என்று காட்டத் தொட்டியும் குழாயும் வைத்துத் தண்ணீர் ஓடும் ஒரு மெஷினையே 1949இல் செய்தவர். வாய்க்கால் பாசனம் தெரிந்த காங்கயத்து விவசாயிக்கு அந்த மெஷினைக் காட்டினால் அரை மணியில் பிடித்துக்கொள்வார்.

1973இல் பிரிட்டனுக்கும் ஒரு பஞ்சப்படி வந்தது. பிரதமர் ஹீத் கூலி உயர்வுக்கு வரம்பு கட்டினார். தொழிற்சங்கங்களைச் சமாதானப்படுத்த ஒரு சலுகை: சில்லறை விலைக் குறியீட்டெண் 7 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு புள்ளிக்கும் வாரத்துக்கு 40 பென்ஸ் கூடுதலாகக் கொடுக்கலாம். தாண்டாது என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு. அதே நேரம் மேற்காசியாவில் போர் மூண்டு, சில மாதங்களில் எண்ணெய் விலை நாலு மடங்கு ஆனது. சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தில் ஹீத் பதவி இழந்தார். அவர் வைத்துவிட்டுப் போன 40 பென்ஸ் மட்டும் வேலை செய்துகொண்டே இருந்தது. 1974இல் 11 முறை அதைக் கொடுக்க வேண்டிவந்தது. 1975 ஆகஸ்டில் பிரிட்டனின் பணவீக்கம் 26.9 சதவீதம். வெளியிலிருந்து வந்த எண்ணெய் விலையைக் கூலி துரத்தியது, கூலியை விலை துரத்தியது. பிறகு வாரத்துக்கு 6 பவுன், அதற்கு மேல் யாருக்கும் இல்லை என்று எல்லாருக்கும் ஒரே அளவு வெட்டினார்கள். 1976இல் சர்வதேச நிதியத்திடம் 390 கோடி டாலர் கடன் கேட்டுப் போனார்கள். இந்தியாவுக்கு உதவ முடியாது என்று எந்த நிதியத்தின் கதவைக் கெயின்ஸ் சாத்தினாரோ அதே நிதியம். 1978இல் 5 சதவீதக் கூலி வரம்பு உடைந்தது, குளிர்காலம் முழுக்க வேலைநிறுத்தம், 1979இல் தாட்சர் ஆட்சி. அவர் விலையை அடக்கினார், ஆனால் 1982இல் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்தைத் தாண்டினார்கள்.

நாம்? நமக்கு 1974இல் அதே எண்ணெய், கூடவே வறட்சி. மொத்த விலை அந்த நிதியாண்டில் சுமார் 25 சதவீதம் ஏறியது. மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம் இருபது நாள். ஜூலையில் இந்திரா காந்தி அரசு ஒரு கட்டாய வைப்புச் சட்டம் போட்டது: கூடுதலாக வரும் அகவிலைப்படியில் பாதி கைக்கு வராது, வைப்பாகப் போய்விடும். கூலி உயர்வு வந்தால் அது முழுதும் போகும். 1940இல் பிரிட்டிஷ் தொழிலாளிக்குக் கெயின்ஸ் எழுதிய மருந்துச் சீட்டு, 34 வருஷம் கழித்து இந்திய எல்.டி.சி. கிளார்க்குக்குக் கொடுக்கப்பட்டது! மறு ஆண்டு விலை இறங்கியது. அதற்குக் காரணம் சட்டமா, நல்ல மழையா, நெருக்கடி நிலையா என்று பொருளாதார அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பஞ்சப்படிதான் விலையை ஏற்றுகிறது என்று முதலாளிகளும் சில நிபுணர்களும் சொல்வது பிரிட்டனுக்கு ஓரளவு பொருந்தும். அங்கே உழைப்பவர்களில் பெரும் பகுதி சங்கத்தில் இருந்தார்கள். எல்லார் கையிலும் படி இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் அளந்தால் குதிர் காலியாகும். இந்தியாவில் படி வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்கள் அளந்ததால் குதிர் காலியாகவில்லை. விலையேற்றத்தின் பாரம் படி இல்லாதவர்கள் மேல் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சரிந்தது, அவ்வளவுதான். இங்கே பஞ்சப்படி பணவீக்கத்தைப் பெற்ற தாய் அல்ல. பணவீக்கத்தை யார் தாங்குவது என்று பங்கு பிரித்த பங்காளி. வாத்தியாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதல்ல என் வழக்கு. தறிக்குழியில் இருப்பவரைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதுதான்.

கணக்கில் சேரப் போராடியவர்கள் பக்கத்து ஊரில் இருந்தார்கள். சென்னிமலையில் நெசவாளர் வீட்டில் 1904இல் பிறந்த குமரன் பிழைக்கப் போய்த் திருப்பூர் குமரன் ஆனார். அவரைப் போலவே இந்த வட்டாரத்து ஆட்கள் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். மில்லில் இருக்கும் பஞ்சப்படி பனியனுக்கும் வேண்டும் என்று 1984இல் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். 127 நாள். இன்றும் திருப்பூரில் வயதான டெய்லர்களிடம் 'பஞ்சப்படி ஸ்ட்ரைக்' என்றால் ஆண்டு சொல்ல வேண்டியதில்லை. பஞ்சப்படி ஒப்பந்தத்தில் ஏறியது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் ஏற்றுமதி பெருகியது. கம்பெனிகளும் சின்னச் சின்ன யூனிட்டுகளாகச் சிதறின. பீஸ்ரேட்டும் கான்ட்ராக்டும் பெருகின. பீஸுக்கு இத்தனை காசு என்ற கணக்கில் குறியீட்டெண் எங்கே நுழையும்? போராடி வாங்கிய படி அலமாரியில் இருந்தது. அளந்து வாங்க வேண்டியவர்கள் கம்பெனி வாசலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்.

சென்னிமலைக்குத் திரும்பினால், கூட்டுறவுச் சங்க நெசவாளரின் கூலிச் சீட்டிலும் இன்று அகவிலைப்படி என்ற வரி உண்டு. அடிப்படைக் கூலி ஒன்று, அதன்மேல் அகவிலைப்படி ஒன்று. அண்மை ஆண்டுகளில் மாநில அரசு கூலி உயர்வு அறிவிக்கும்போது இரண்டையும் 10, 10 சதவீதம் என்று ஏற்றியது. பெயர் ஒன்றுதான், ஆனால் அரசு ஊழியரின் அகவிலைப்படி குறியீட்டெண்ணின் பன்னிரண்டு மாத சராசரியைப் பார்த்து, 261.42 என்ற எண்ணைக் கழித்து வகுத்து, ஆண்டுக்கு இருமுறை கணக்காகிறது. நெசவாளருடையது அறிவிப்புக்குக் காத்திருக்கிறது. மாஸ்டர் வீவரிடம் கூலிக்கு நெய்பவருக்கு அந்த வரியே கிடையாது, பேசியதுதான் கூலி. 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சு 1 லட்சம் ரூபாயைத் தாண்டியபோது நூல் விலை வாராவாரம் மாறியது. நூல்காரர் மாற்றினார், சாயப்பட்டறைக்காரர் மாற்றினார். மாறாமல் நின்றது நெய்கிற கை வாங்கும் கூலி.

படி உள்ளவர்களுக்கும் அது நிரந்தரம் அல்ல என்று 2020 காட்டியது. கொரோனாவைச் சொல்லி மத்திய அரசு மூன்று தவணை அகவிலைப்படியை நிறுத்தி வைத்தது. 2021 ஜூலையில் 17இலிருந்து 28 சதவீதமாக ஒரே தூக்கில் கொடுத்தது. நடுவில் இருந்த 18 மாத நிலுவையைக் கொடுக்கவில்லை. டீக்கடை வாத்தியார் அதை மறக்கவில்லை. நெசவாளர் கேட்ட கேள்விக்குப் பதிலாக அதைத்தான் சொன்னார். "ஒன்னரை வருசம் எங்க படியையும் புடுங்கி வெச்சுட்டாங்கல்ல?" நெசவாளர் டீ டம்ளரை வைத்துவிட்டு, "புடுங்கறதுக்கு உங்ககிட்ட இருந்துச்சுங்களே" என்று எழுந்து போனார்.

தமிழ்நாட்டில் அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்ச ஊதியம் வாங்குகிறவர்களுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று அகவிலைப்படி மாறும். எந்த ஊர் விலையைப் பார்த்து மாறுகிறது தெரியுமா? சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைப் பார்த்து. சென்னிமலையில் விசைத்தறி ஓட்டுபவர் தேங்காய் வாங்குவது சென்னிமலைச் சந்தையில். அவருக்குச் சட்டப்படி சேரவேண்டிய பஞ்சப்படியைத் தீர்மானிக்கும் தேங்காய் விற்பது 400 கிலோமீட்டருக்கு அப்பால்.